பள்ளி வேனுக்குள் ஒரு சமாதானப் பேச்சு

1

நான் கிள்ளானுக்கு வந்து சேர்ந்த நாளை என் மனைவி ஒருபோதும் மறப்பதில்லை. திருமண நாளை இரண்டு முறை மறந்திருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை திருமணம் என்பது கோயம்புத்தூரில் நடந்த ஒரு சடங்கு. நான் பெட்டியோடு அவளுடைய ஊரில் வந்து இறங்கிய பிறகுதான் கதை தொடங்குகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆண்டுதோறும் அந்த நாளில் இருவரும் ரயிலேறித் தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் போவோம். வாழை இலைச் சாப்பாடு சாப்பிடுவோம். அவள் ஒரு புடவையைப் பிரிக்கச் சொல்லிப் பார்ப்பாள், விலை கேட்பாள், மடித்து வைக்கச் சொல்வாள். பிறகு வீடு திரும்புவோம். இதுவும் ஒரு நடைமுறைதான். நடைமுறை இல்லாத காரியம் எதுவும் எனக்குச் செரிப்பதில்லை.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பக்கத்தில், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பணியாளர்களின் ஒழுங்கு விவகாரங்களைக் கவனித்து ஓய்வு பெற்றவன். ஒருவர் இன்னொருவரை அடித்துவிட்டால், முதலில் காரணம் கேட்டு ஒரு கடிதம் போகும். பதில் சரியில்லை என்றால் உள்விசாரணை. குற்றச்சாட்டு, சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தவறாமல் சொல்வேன். இந்த நாட்டில் இன்னும் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையே வைத்திருக்கிறேன்; குடிமக்களுக்கான நீல அட்டை எடுக்கவில்லை. “ஏன் அங்கிள் இன்னும் நீல ஐசி எடுக்கல?” என்று அரசு அலுவலகங்களில் சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். எந்த விண்ணப்பப் பாரத்தை எந்த முகப்பில் எத்தனை நகலோடு கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கே சொல்லித்தரும் நான், அந்தக் கேள்விக்கு மட்டும் காது கேட்காதவனாகிவிடுவேன்.

இந்த ஆண்டு, இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் என் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மல்லிகா. இருவரும் பள்ளித் தோழிகள். மல்லிகா இப்போது கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறாளாம்.

“பிள்ளைங்க சண்டை தாங்க முடியல,” என்றாள் மல்லிகா. “டிசிப்ளின் வாத்தியார் ரோத்தான் பிரம்பைக் காட்டினா போதும், உடனே ‘சாரி’ன்னு கை கொடுத்துக்குவாங்க. ஸ்கூல் கேட்டைத் தாண்டினதும் மறுபடியும் ஆரம்பம். அதான், அவங்களே உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கப் பழக்கலாம்னு ‘சமாதான மேசை’ன்னு ஒண்ணு தொடங்கியிருக்கேன். சொல்லிக் கொடுக்க ஆள் தேடிட்டு இருக்கேன்.”

“இவரைக் கூட்டிட்டுப் போ,” என்றாள் என் மனைவி, அப்பளத்தை நொறுக்கியபடி. “வாழ்க்கை பூரா இதே வேலைதான். வீட்டுலயும் ஒரே விசாரணை. எனக்குக் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும் லா.”

2

நான் வளர்ந்தது பஞ்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த தெரு. இரண்டு சங்கங்கள். எதிர்ச் சங்கத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போக மாட்டார்கள். சாவுக்குப் போவார்கள், ஆனால் காபி குடிக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு இது எதுவும் கிடையாது. கட்டைவிரலை முகவாயில் தட்டினால் ‘கா’. இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினால் ‘பழம்’. காலையில் கா, மாலையில் பழம். பெரியவர்கள் ஏன் இதையே பின்பற்றக்கூடாது என்று நான் யோசித்ததில்லை. மாறாக, பெரியவர்களுக்கு உரிய ஒழுங்கான வழி என்ன என்று யோசித்தேன். அதற்காகத்தான் தொழிலாளர் சட்டம் படித்தேன்.

இங்கே பிள்ளைகள் கா விடுவதில்லை. ‘ஃபிரெண்ட் பண்ணல’ என்று சொல்கிறார்கள். வந்த புதிதில் இந்த ஊர்த் தமிழ் என்னைத் திணறடித்தது. காலையில் அலுவலகத்தில் நுழைந்ததும் “பசியாறியாச்சா?” என்று கேட்பார்கள். யாரோ நான் பட்டினி கிடப்பதாகப் புரளி கிளப்பிவிட்டார்கள் என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். இப்போது கோயம்புத்தூர் போனால் நானே அதைக் கேட்டு, சொந்தக்காரர்களைக் குழப்புகிறேன்.

மல்லிகா பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மதியம், நூலகத்தின் மூலையில் வகுப்பு. நான் வெள்ளைப் பலகையில் எழுதினேன்: புகார். பதில். சாட்சிகள். குறுக்கு விசாரணை. முடிவு. பிள்ளைகள் கண் இமைக்காமல் கேட்டார்கள். இத்தனை ஆண்டுகளில் எந்த மேலாளரும் என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

3

மூன்றே வாரத்தில் அந்தப் பள்ளியில் ஒரு நீதிமன்றம் உருவாகிவிட்டது.

அழிப்பானை எடுத்தவன் மீது வழக்கு. வரிசையில் முந்தியவள் மீது வழக்கு. ஒரு பெண் தன் தரப்புக்கு ஏழு சாட்சிகளைக் கூட்டி வந்தாள். அவர்களில் இருவர் அன்று பள்ளிக்கே வரவில்லை. “நேத்து நீ வேற மாதிரி சொன்ன, இன்னைக்கு ஏன் மாத்துற?” என்று ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டது. விசாரணைக்கு வந்த பிள்ளைகள் வரும்போது இருந்ததைவிட அதிகக் கோபத்தோடு திரும்பினார்கள். தோற்றவர்கள் ஜெயித்தவர்களோடு ‘ஃபிரெண்ட் பண்ணல’. சாட்சி சொன்னவர்களோடும் ‘ஃபிரெண்ட் பண்ணல’. விசாரணை பார்க்க ஆசைப்பட்டுச் சண்டை போட்டவர்களும் உண்டு.

மல்லிகா என்னைக் காண்டீனுக்குக் கூட்டிப்போய், தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “சார், நான் சமாதானம் கேட்டேன். நீங்க கோர்ட் கட்டிக் கொடுத்துட்டீங்க.”

“நடைமுறை சரியாத்தானே இருக்கு?”

“நடைமுறை நல்லாத்தான் சார் இருக்கு. பிள்ளைங்கதான் நல்லா இல்ல.”

அன்று மாலை மெல்பர்னில் இருக்கும் என் மகளிடம் கைப்பேசியில் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் மைலோ பானத்தைக் கொட்டியதற்காக நான் அவளுக்குக் காரணம் கேட்டுக் கடிதம் கொடுத்தேனாம். நல்ல தமிழில் எழுதியிருந்தேன். அவள் பதிலை மலாய் மொழியில் எழுதினாள். இப்போது எங்களுக்குள் எல்லாமே ஆங்கிலம்தான். பேரனுக்குத் தமிழில் தெரிந்தது ‘தாத்தா’ ஒன்றுதான். அதையும் ஏதோ ஆஸ்திரேலியப் பறவையின் பெயர்போலச் சொல்கிறான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மல்லிகா வெள்ளைப் பலகையை அழித்துவிட்டுத் தன் விதிகளை எழுதினாள். சாட்சி கிடையாது. யார் மேல் தப்பு என்ற கேள்வி கிடையாது. ஒவ்வொருவரும் ‘எனக்கு என்ன ஆச்சு’ என்பதை மட்டும் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘ஆமா, அதான்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே தன் கதைக்குப் போகலாம்.

“அப்போ தீர்ப்பு?” என்று கேட்டேன்.

“தீர்ப்பு வேணாம் சார்.”

தீர்ப்பே இல்லாத விசாரணை. சமைக்காத சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன். யார் முதலில் பேசுவது என்ற சிக்கலைப் பிள்ளைகளே தீர்த்தார்கள். ‘ஒன் டூ சோம்’ போட்டார்கள். விரல்களைக் குவித்தால் பறவை, மடக்கினால் கல், விரித்தால் தண்ணீர். கல் பறவையை அடிக்கும், பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை முழுங்கும். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் இந்த நாட்டில் இதைத்தான் விளையாடுகிறார்கள். புகார் கொடுத்தவர்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் சட்டம். ஏன் அப்படி என்று ஒரு பிள்ளை கேட்டது.

4

என் மனைவியின் தம்பி சேகர் பள்ளி வேன் ஓட்டுகிறான். பண்டமாரானில் தொடங்கி, வழியெல்லாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதே பள்ளிக்கு வருவான். ஒரு காலை என் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி இறங்கினான். முகம் வெளிறியிருந்தது.

“அத்தான், ரெண்டு பேரையும் இறக்கிவிடப் போறேன். இந்த மாசக் கடைசியோட முடிஞ்சது.”

அந்த இருவர் லோஷினியும் யுவஸ்ரீயும். இருவரும் ஐந்தாம் ஆண்டு, ஒரே வகுப்பு. போன ஆண்டு வரை ஒரே இருக்கையில் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள். அன்று காலை யுவஸ்ரீ ஏதோ சொல்ல, லோஷினி தண்ணீர்ப் போத்தலை எறிந்திருக்கிறாள். அது சேகரின் காதை உரசிக்கொண்டு போய் முன் கண்ணாடியில் மோதியிருக்கிறது. முன்னால் கண்டெய்னர் லோரி.

“மச்சான், நீக்கறதுன்னா முதல்ல எழுத்துல எச்சரிக்கை கொடுக்கணும். அப்புறம்தான்…”

“உங்க பேக்டரி இல்ல அத்தான் இது. என் வேன்.”

யுவஸ்ரீக்குப் பிரச்சினை இல்லை. அவள் அப்பாவிடம் கார் இருக்கிறது. லோஷினியின் நிலைமை வேறு. அவளுக்கு அம்மா மட்டும்தான். பெயர் மகேஸ்வரி. நான் வேலை பார்த்த வட்டாரத்திலேயே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். பண்டமாரானில் அவர்கள் இருக்கும் சந்துக்குள் வேறு எந்தப் பள்ளி வேனும் வருவதில்லை. சேகர் இறக்கிவிட்டால், லோஷினி வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய மலாய்வழித் தேசியப் பள்ளிக்கு மாற வேண்டும். நல்ல பள்ளிதான். ஆனால் தமிழ் கிடையாது, தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. மகேஸ்வரி பாவம், காத்திருக்கவில்லை. மறுநாளே விடுப்பெடுத்து வந்து இடமாற்றப் பாரத்தை நிரப்பி அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனாள். லோஷினி வகுப்பில் யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று மல்லிகா சொன்னாள்.

தலைமையாசிரியரிடம் போனோம். வேன் பள்ளியின் சொத்து இல்லை, சாலை பள்ளியின் வளாகம் இல்லை, ஆகவே சம்பவம் பள்ளியின் அதிகார எல்லைக்குள் வராது என்றார். அருமையான பதில். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனாலேயே எனக்கு அது பிடிக்கவில்லை.

சமாதான மேசைப் பிள்ளைகளில் தர்ஷா என்று ஒருத்தி. நான்காம் ஆண்டு, எல்லோரையும்விடக் குள்ளம், குரல் மட்டும் ஆறாம் ஆண்டு. அவளும் அதே வேனில்தான் வருகிறாள். அவள் சொன்னாள்: “டீச்சர், வேன்ல நடந்ததை வேன்லயே பேசலாம். அங்கிள் ஓட்டாம நிறுத்தி வைச்சா போதும்.”

சேகர் ஒத்துக்கொள்ள என் மனைவி இரண்டு வேளை அவனுக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைக்க வேண்டியிருந்தது.

5

பள்ளி முடிந்து, மற்ற பிள்ளைகள் எல்லோரையும் வீட்டில் விட்டபின், சேகர் வேனைப் பள்ளி வாசல் மரத்தடிக்குத் திரும்பக் கொண்டுவந்தான். இன்ஜினை அணைத்தான். ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான். நடு இருக்கையில் லோஷினியும் யுவஸ்ரீயும், இடையில் இரண்டு பைகள். முன் இருக்கையில் அவர்களைப் பார்க்கத் திரும்பி மண்டி போட்டபடி தர்ஷா. கடைசி வரிசையில் மல்லிகாவும் நானும்.

“சார், நீங்க பேசக்கூடாது,” என்றாள் தர்ஷா. “ரூல்.”

ஒன் டூ சோம் போட்டார்கள். யுவஸ்ரீ கல். லோஷினி தண்ணீர்.

“நீ ஜெயிச்சிட்ட. நீ ஃபர்ஸ்ட்,” என்றாள் தர்ஷா.

லோஷினி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவளே ஃபர்ஸ்ட் பேசட்டும்.”

வாய்ப்பு கிடைத்தவர் அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்ததை என் உத்தியோகத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. யுவஸ்ரீயும் எதிர்பார்க்கவில்லை. தயார் செய்து வந்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது போலிருந்தது. சிறிது நேரம் பையின் வாரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு… என் பர்த்டேக்கு உன்னை மட்டும்தான் ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டேன். கேக் வெட்டாமயே நின்னுட்டு இருந்தேன். அம்மா திட்டினாங்க. எங்க கசின்ஸ் எல்லாம் ‘எங்க உன் பெஸ்ட் ஃபிரெண்ட், எங்க உன் பெஸ்ட் ஃபிரெண்ட்’னு கேட்டுக் கிண்டல் பண்ணாங்க. மறுநாள் நீ வேன்ல ஒண்ணுமே சொல்லல. சும்மா உக்காந்திருந்த.”

“திருப்பிச் சொல்லு,” என்றாள் தர்ஷா.

லோஷினி சொன்னாள். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். ‘கேக் வெட்டாமயே நின்னுட்டு இருந்த’ என்ற இடத்தில் ஜன்னலைவிட்டுத் திரும்பி யுவஸ்ரீயைப் பார்த்தாள்.

“ஆமா, அதான்,” என்றாள் யுவஸ்ரீ.

“எனக்கு,” என்றாள் லோஷினி, “நான் டிரெஸ் போட்டு ரெடியா இருந்தேன். பிரெசன்ட்கூட பேப்பர் சுத்தி வச்சிட்டேன். அம்மாவுக்கு திடீர்னு ஓவர்டைம் போட்டுட்டாங்க. வந்து கூட்டிட்டுப் போக ஆள் இல்ல. உனக்கு போன் பண்ணலாம்னா, போன் அம்மாகிட்ட இருக்கு. மறுநாள் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் அன்னைக்குக் காலையில நீ வேன்ல எல்லார் முன்னாடியும் ‘உங்க அம்மாவுக்கு உன்னைவிட வேலைதான் முக்கியம்’னு சொன்ன.”

யுவஸ்ரீ திருப்பிச் சொல்ல வேண்டிய முறை. தான் சொன்ன அந்த வாக்கியத்தைத் தன் வாயாலேயே அவள் திரும்பச் சொல்ல வேண்டும். அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். தர்ஷா அவசரப்படுத்தவில்லை. அந்தப் பொறுமையை யாரிடம் கற்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயம். யுவஸ்ரீ அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

முன்னாலிருந்து சேகரால் பொறுக்க முடியவில்லை. “ஏன்மா லோஷினி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொண்டுபோய் விட்டிருக்க மாட்டேனா?”

“அங்கிள், நடுவுல பேசக்கூடாது,” என்றாள் தர்ஷா. பிறகு கொஞ்சம் யோசித்தாள். “அங்கிள், போத்தல் உங்க பக்கம்தானே வந்துச்சு? அப்ப நீங்களும் சொல்லணும். உங்களுக்கு என்ன ஆச்சு?”

“எனக்கு என்ன? கோவம் வந்துச்சு.”

“அதுக்கு முன்னாடி?”

சேகர் கைப்பேசியைக் கீழே வைத்தான். திரும்பவில்லை, ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே பேசினான்.

“பயந்துட்டேன்மா. முன்னால லோரி. கண்ணாடியில டமார்னு ஒரு சத்தம். என்னமோ மேல வந்து விழுந்துடுச்சுன்னு நெனச்சேன். பின்னால இத்தனை பிள்ளைங்க. நான் பிரேக் போட்டது ஒரு செகண்ட் லேட் ஆகியிருந்தா… அன்னைக்குப் பூரா சோறு இறங்கல. ராத்திரி கனவுல வேற வந்துச்சு.”

இரண்டு பெண்களும் அவன் பின்தலையையே பார்த்தார்கள். வேன் அங்கிளுக்குக் கோபம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும், தினமும் பார்க்கிறார்கள். பயமும் வரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் அவன் சொல்லவில்லை. வாசலில் நின்றபோது அந்த வெளிறிய முகத்தைப் பார்த்தும், நான் எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

“திருப்பிச் சொல்லுங்க,” என்றாள் தர்ஷா. “ரெண்டு பேரும்.”

லோஷினிதான் முதலில் தொடங்கினாள். “அங்கிள், உங்களுக்கு… நாங்க எல்லாரும் செத்துடுவோமோன்னு பயம் வந்துச்சு. சாப்பிடல. கனவுலயும் வந்துச்சு.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளாகவே சேர்த்தாள்: “நான் எறிஞ்சதால.”

‘யார் மேல் தப்பு’ என்று யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கடைசிச் சொல் வந்திருக்காது. நான் நடத்திய உள்விசாரணைகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. எல்லோரும் வக்கீலிடம் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டவர்கள்.

சேகர் மூக்கை உறிஞ்சினான். “ஆமா, அதான்,” என்றான்.

6

ஒப்பந்தம் என்று எதையும் எழுதவில்லை. என் கை துறுதுறுத்தது. மல்லிகா பேனாவை என் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேன் ஓடும்போது கோபம் வந்தால் ‘அங்கிள், ஓரமா நிறுத்துங்க’ என்று சொல்வது. சேகர் கத்தாமல் நிறுத்துவது. பிள்ளைகள் கேட்டது இதுதான். “பெட்ரோல் நிலையத்துலதான் நிறுத்துவேன், நடுரோட்டுல எல்லாம் முடியாது,” என்று சேகர் பேரம் பேசினான். மாதக் கடைசியைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறங்கும்போது லோஷினியிடம், “காலையில லேட் பண்ணாதே, ஹார்ன் அடிச்சா உங்க பக்கத்து வீட்டு ஆன்டி ஏசுது,” என்றான். அவன் வாயிலிருந்து அதைவிடத் தெளிவான உத்தரவை எதிர்பார்க்க முடியாது.

எல்லாச் சண்டையும் இப்படி முடிவதில்லை. அதே வாரம் இரண்டு பையன்கள் சமாதான மேசையில் உட்கார்ந்து, ஒருவர் சொன்னதை ஒருவர் பிசகாமல் திருப்பிச் சொல்லி, எழுந்து போய்க் கழிப்பறைப் பக்கம் அடித்துக்கொண்டார்கள். மல்லிகா அசரவில்லை. மறுபடி உட்கார வைத்தாள். நான் வெள்ளிக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நாற்காலி அடுக்குகிறேன், கேட்கிறேன். பேச அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, விண்ணப்பித்திருக்கிறேன்.

வேனில் பேசிய அன்று இரவு மகேஸ்வரி என்னைக் கைப்பேசியில் அழைத்தாள். என் எண்ணை மல்லிகா கொடுத்திருக்கிறாள். பின்னணியில் பாத்திரச் சத்தம். ஷிப்ட் முடிந்து வீடு வந்திருக்க வேண்டும்.

“சார், நான் மாற்றல் பாரம் கொடுத்திருக்கேன்ல. அதைத் திரும்ப வாங்கணும்னா என்ன பண்ணணும்? லெட்டர் எழுதணுமா? எத்தனை காப்பி? எந்த ஆபீஸ்?”

எனக்குத் தெரியும். யாருக்கு எழுத வேண்டும், நகல் யாருக்கு, எந்த வாக்கியத்தில் தொடங்க வேண்டும், எல்லாம் தெரியும். அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரியும்: பின்னால் போய் யாரும் கேட்காத ஒரு பாரம் எந்த அலுவலகத்திலும் ஓரடிகூட நகராது.

“ஒண்ணும் பண்ண வேணாம்மா,” என்றேன். “அப்படியே விட்டுடுங்க. நாளைக்கு ஸ்கூல்ல ஒரு வார்த்தை வாயால சொன்னா போதும். பிள்ளையை வேன்ல அனுப்புங்க.”

மறுமுனையில் அவள் சிரித்தாள்.

“அனுப்பணுமா? அவ சாயங்காலமே சொல்லிட்டா சார், ‘நான் எங்கேயும் போகலம்மா’ன்னு. ஷூவைக்கூடக் கழுவிக் காய வச்சிட்டா. நான்தான், எதுக்கும் ரூல் என்னன்னு உங்களை ஒரு தடவை கேட்டுக்கலாமேன்னு…”